நூறு நாள் ரத்தம்

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
16-8-1948

பிரியமுள்ள மேரிக்கு ஜமீலா ஸலாம் சொல்லி எழுதுவது.

அல்லாஹ் கிருபையில் நான், ஷகீலா, இவர், மாமி நான்கு பேரும் இருக்கிறோம். சுகமா என்று மட்டும் கேட்காதே. நீ பம்பாய்க்குப் போய் ஒன்றரை மாதம் ஆகிறது. வந்தது ஒரே ஒரு கார்டு. அதிலும் பாதிக்கு மேல் மழையைப் பற்றி எழுதியிருக்கிறாய். இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தவளுக்கு இன்னும் ஆறு மாதம் என்ன படிப்பு என்று இவர் கேட்கிறார். நீயே எழுது.

ரமலான் கழிந்தது. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கியே கண் போய்விடும் போலிருக்கிறது. தேனாம்பேட்டைக் கடையில் இவருக்கு வேலைக்குக் குறைவில்லை. ஆவணியில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் டிரங்குப் பெட்டி கேட்டு வருகிறார்கள். பெட்டி மூடியில் ரோஜாப்பூவும் பெண்ணின் பெயரும் ஹபீபுர் ரஹ்மான் பாய் கையாலேயே எழுதவேண்டுமாம். பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்தால் சட்டையெல்லாம் பெயிண்ட், துவைப்பவள் நான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஷகீலாவுக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் போனது உனக்குத் தெரியும். இரண்டையும் குளிப்பாட்டித் துணி சுற்றிக் கொடுத்தவர் மாமிதான். அதனால் அவர் என்ன சொன்னாலும் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆலந்தூரில் இருக்கும் தன் தம்பி மகள் சகினாவைத் தன் மகனுக்கு இரண்டாவதாகக் கட்டிவைக்க வேண்டும் என்று ஒரு வருஷமாகச் சொல்கிறார். அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் போன வாரம் புதிதாக ஒன்று சொன்னார், மேரி.

ஷகீலா பிறந்த அன்று எனக்கு உதிரம் நிற்காமல் போனதும், நீ இவர் விரலில் குத்திப் பார்த்து, சேருகிறது என்று ஓடி வந்ததும், இவர் ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்ததும் மறந்திருக்காது. எங்கள் மார்க்கத்தில் ஒரு தாயிடம் பால் குடித்த இரண்டு பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. அவர்களுக்குள் நிக்காஹ் கூடாது. மாமி கேட்கிறார்: பாலுக்கே அப்படியென்றால் ரத்தத்துக்கு? மகனுடைய ரத்தம் எனக்குள் போன அன்றே நான் அவனுக்குத் தங்கை ஆகிவிட்டேனாம். அந்தப் பாவத்தில்தான் பிள்ளைகள் தங்கவில்லையாம்.

இவர் முதலில் கத்தினார். பிறகு பாயை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் பள்ளிவாசலுக்குப் போய் குலாம் ரசூல் ஹஜ்ரத்திடம் கேட்டிருக்கிறார். ஹஜ்ரத், அந்த ரத்தத்தில் என்னென்ன இருக்கிறது, பால் மாதிரி உடம்பை வளர்க்குமா, உள்ளே போனது அப்படியே நிலைத்திருக்குமா, தெரிந்தவர்களிடம் எழுதி வாங்கி வா, தெரியாத விஷயத்தில் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

தெரிந்தவள் எனக்கு நீ ஒருத்திதான். விளக்கமாக எழுது. உன் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்ட வேண்டியவள் நான் (இவருக்கு உருதுதான் ஓடும், தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும்), அதனால் புரிகிற மாதிரி எழுது. ஹஜ்ரத் கூடாது என்று சொல்லிவிட்டால் ஆறு வருஷக் குடித்தனம் அதோடு முடிந்தது. சீக்கிரம் எழுது.

உன்,
ஜமீலா

---

பம்பாய்
25-8-1948

அன்புள்ள ஜமீலாவுக்கு மேரி எழுதிக்கொண்டது.

சர்வேசுரன் உன்னைக் காப்பாற்றட்டும். உன் கடிதம் நேற்று வந்தது. காலை எட்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை மைக்ராஸ்கோப்பில் குனிந்து ரத்த அணு எண்ணுகிற வேலை. விடுதிக்கு வந்து சுவரைப் பார்த்தாலும் சிவப்புப் புள்ளிதான் தெரிகிறது. இரண்டு நாள் கழித்து எழுதலாம் என்று வைத்தேன். மனசு கேட்கவில்லை.

ஹஜ்ரத் கேட்டது நல்ல கேள்வி. எங்கள் பரீட்சையில்கூட இவ்வளவு நேராகக் கேட்கமாட்டார்கள். இதை அப்படியே படித்துக் காட்டு.

ரத்தத்தை உறையாமல் மருந்து கலந்து ஒரு கண்ணாடிக் குழாயில் அசையாமல் வைத்தால் சில மணி நேரத்தில் தானாகவே பிரிந்து நிற்கும். மேல் பாதி, வெளுத்த எலுமிச்சைச் சாறு நிறத்தில் ஒரு நீர். பிளாஸ்மா என்பது அதுதான். பத்தில் ஒன்பது பங்கு வெறும் தண்ணீர். மீதியில் உப்பு, சர்க்கரை, புரதம், நாம் சாப்பிட்டதன் சத்து, வெளியே போகவேண்டிய கழிவு எல்லாம் கரைந்திருக்கும். உடம்பின் சூட்டைத் தலை முதல் கால் வரை ஒரே அளவாக வைப்பதும் அதன் வேலை. கீழ்ப்பாதி சிவப்பு. சிவப்பணுக்கள் அங்கே அடைந்திருக்கும். குண்டூசித் தலையளவு ரத்தத்தில் ஐம்பது லட்சம் இருக்கும். அவற்றுக்குள் இரும்புச் சத்து இருக்கிறது. நாம் இழுக்கிற மூச்சிலிருந்து பிராணவாயுவைப் பிடித்துக்கொண்டு போய் உடம்பு முழுதும் கொடுத்துவிட்டு, கெட்ட வாயுவைச் சுமந்துகொண்டு திரும்புவது அவைதான். இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று தெரியும். வெள்ளையணுக்கள். நோய்க்கிருமி வந்தால் விழுங்குவது அவற்றின் பாடு. இன்னும் சிறியதாகத் தட்டணு என்று உண்டு. காயம் பட்ட இடத்தில் போய் ஒட்டி அடைக்கும். ஷகீலா பிறந்த அன்று உனக்கு எவ்வளவு அடைத்தும் போதவில்லை. உன் சிவப்பணு பதினைந்து லட்சத்துக்கு இறங்கியிருந்தது. எண்ணியவள் நான். நம்பாமல் இரண்டு தடவை எண்ணினேன்.

இப்போது ஹஜ்ரத்தின் கேள்வி. பால் ஆகாரம், குழந்தையின் எலும்பும் சதையும் அதில் வளர்கின்றன. ரத்தம் அப்படி இல்லை. அது ஆகாரத்தைச் சுமக்கும், தான் ஆகாரம் ஆகாது. ஹபீப் அண்ணன் கொடுத்த சிவப்பணுக்கள் உன் உடம்பில் கொஞ்ச காலம் சுமை தூக்கின. ஒரு சிவப்பணுவின் ஆயுசு நூறு நாள், மிஞ்சினால் நூற்றிருபது. அதற்குப் பிறகு மண்ணீரலில் உடைந்து போகும். அதில் உள்ள இரும்பை மட்டும் உடம்பு எடுத்து, தன் சொந்த அணுவைச் செய்துகொள்ளும். அண்ணன் பழைய பெட்டித் தகரத்தை வெட்டிப் புதுப் பெட்டிக்குப் போடுவதில்லையா, அப்படி. ஷகீலா தவழ ஆரம்பிக்கும் முன்பே அவர் கொடுத்த ரத்தம் உன்னிடம் ஒரு சொட்டுக்கூட இல்லை. எதுவும் மிச்சமில்லை. நான் பொறுப்பேற்று எழுதுகிறேன் என்று ஹஜ்ரத்திடம் சொல்லச் சொல்.

கவலைப்படாதே. தூக்கம் வருகிறது. ஷகீலாவுக்கு முத்தம்.

உன் சிநேகிதி,
ஆரோக்கியமேரி

---

மயிலாப்பூர்
13-9-1948

பிரியமுள்ள மேரிக்கு,

உன் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும். தற்சமயம் ரேஷனில் அதுவும் இல்லை.

உன் கடிதத்தை இவர் என்னிடம் மூன்று தடவை படிக்கச் சொல்லி, உருதுவில் எழுதிக்கொண்டு ஹஜ்ரத்திடம் போனார். ஹஜ்ரத் முழுதும் கேட்டுவிட்டு, பால் உறவு என்பதே சின்ன வயதில், குடித்து வளர்கிற பருவத்தில் ஏற்படுவது, பெரியவர்களுக்குப் பாலாலேயே அந்த உறவு வராதபோது ரத்தத்தால் எப்படி வரும், நிக்காஹில் ஒரு குறையும் இல்லை, போய்க் குடித்தனம் பண்ணு என்று சொன்னாராம். அந்த அம்மாள் யார், நன்றாக எழுதியிருக்கிறாள் என்றும் கேட்டிருக்கிறார். இவர், அது என் தங்கச்சி மேரி என்றிருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் உன் நூறு நாள் கணக்கை மட்டும் இவர் ஏற்றுக்கொள்ளவில்லை. படித்தபோதே சிரித்தார். மாமி அன்று சாயங்காலம் சகினா பேச்சை மறுபடி எடுத்ததும், சாப்பிட்ட கையோடு சொன்னார்:

“நூறு நாளாவது இன்னாவது. நான் குடுத்தது அவ ஒடம்புல இன்னும் ஓடிக்கினுதான் கீது. அவள வுட்டுட்டு நான் எங்கம்மா போறது?”

மாமி எழுந்து போய்விட்டார். மேரி, இவர் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. இவரைவிடப் பெரிய கடைக்காரர்கள் எங்கள் சந்திலேயே நாலு பேர். இவர் அப்பா கடைசிவரை இவரை உதவாக்கரை என்று சொல்லித்தான் போனார். ஒரு உயிரைக் காப்பாற்றினோம் என்று இவர் சொல்லிக்கொள்ள இருப்பது அந்த ஒரு பாட்டில்தான். கடைக்கு வருகிறவர்களிடம்கூடச் சட்டையைச் சுருட்டி முழங்கை மடிப்பைக் காட்டுவார். அங்கே ஒன்றுமே தெரியாது. இருந்தாலும் காட்டுவார்.

மாமி அதோடு விடவில்லை. பாவம் இல்லையென்றால் பிள்ளைகள் ஏன் போகவேண்டும் என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு ஹஜ்ரத், அல்லாஹ்வின் நாட்டம் என்கிறார். கடைசியில் ஓர் ஒப்பந்தம் மாதிரி ஆகியிருக்கிறது. இன்னும் ஒரு பிள்ளை பார்ப்பது. அதுவும் தங்காவிட்டால் சகினா.

எனக்கு இருபத்தாறு வயது. அறுபது ஆனமாதிரி இருக்கிறது. இருந்தாலும் இன்னொன்று பெற்றுக்கொள்ள நான் தயார்தான். அதற்கு முன் உன்னைக் கேட்கிறேன். ஷகீலா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். அவளுக்கு அடுத்த பையன் பிறக்கும்போது நன்றாக அழுதான். மறுநாள் காலையில் கண்ணெல்லாம் மஞ்சள். மூன்றாம் நாள் மஞ்சளில் முக்கி எடுத்தமாதிரி ஆகிப் போய்விட்டான். அதற்கடுத்தது எட்டாம் மாதம் வயிற்றிலேயே ஊதிச் செத்துப் பிறந்தது. என் ரத்தத்தில் ஏதாவது கோளாறா? நீ அங்கே புதிதாக எதையோ படிக்கிறாயே, அதில் இதற்கு ஒரு வழி இல்லையா?

உன்,
ஜமீலா

---

பம்பாய்
28-9-1948

அன்புள்ள ஜமீலாவுக்கு,

உன் கடிதத்தில் இருந்ததை இங்கே எங்களுக்குப் பாடம் எடுக்கும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே அவர் கேட்ட முதல் கேள்வி, இந்தப் பெண்ணுக்கு எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா என்பது. ஆமாம் என்றேன். யாருடையது என்றார். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இப்போது எதையும் கேட்காதே. எனக்கே தெரியாததை நான் எழுதமாட்டேன். போன தடவை அப்படி எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது.

எங்கள் ஆஸ்பத்திரி வெள்ளைச்சாமி அடுத்த மாதம் பயிற்சிக்கு இங்கே வருகிறான். என்னோடு ஆறு வருஷம் வேலை பார்த்தவன், நம்பிக்கையானவன். பக்ரீத் முடிந்ததும் உன் வீட்டுக்கு வந்து உன் ரத்தத்திலும் அண்ணன் ரத்தத்திலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, பிளாஸ்கில் ஐஸ் வைத்துக் கொண்டுவருவான். ரயிலில் ஒன்றரை நாள், கெடாது. அண்ணனிடம் பரிசோதனை என்று மட்டும் சொல்.

அதுவரை பிள்ளை பேச்சு வேண்டாம். இதை மட்டும் எனக்காகக் கேள்.

உன்,
மேரி

---

மயிலாப்பூர்
20-10-1948

பிரியமுள்ள மேரிக்கு,

பக்ரீத் முடிந்தது. எங்கள் வீட்டில் ஆடு அறுத்துக் குர்பானி கொடுக்கவில்லை. இரண்டு வீடுகளிலிருந்து கறி வந்தது. ஷகீலா தின்றுவிட்டு இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

வெள்ளைச்சாமி நேற்று வந்தான். பாவம், கூச்ச சுபாவம். நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கையை மட்டும் நீட்டினேன். அவன் திரையைப் பார்த்து, கொஞ்சம் வலிக்கும்மா, கொஞ்சம் வலிக்கும்மா என்று நாலு தடவை சொல்லிவிட்டுத்தான் குத்தினான். இவருக்கு ஒரே கொண்டாட்டம். ஊசியைப் பார்த்ததும் சட்டையையே கழற்றிவிட்டார். ஐந்து மில்லி போதும் என்று வெள்ளைச்சாமி சொன்னான்.

“இன்னாப்பா, பம்பாய் வரைக்கும் போவுது, இத்தினூண்டு எட்த்துக்கினு போறே? நல்லா எட்த்துக்கோ. மேரிம்மா பாக்கட்டும்.”

மாமி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச்சாமி போனதும் என்னிடம் தனியாக வந்து, ஏதாவது மருந்து கிடைக்குமா என்று கேட்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷம் எங்கேயோ போய்விட்டது. அவருக்கும் அலுத்துவிட்டது, மேரி. ஒரு பேரனைக் குளிப்பாட்டித் துணி சுற்றாமல், சொக்காய் போட்டுவிட வேண்டும் என்றுதான் அவருக்கும்.

நீ சொன்னபடி இருக்கிறேன். முடிவு வந்ததும் எழுது. நல்லதோ கெட்டதோ, மறைக்காதே. உனக்கு மறைக்கவும் வராது.

உன்,
ஜமீலா

---

பம்பாய்
14-11-1948

என் ஜமீலாவுக்கு,

இதைத் தனியாக இருக்கும்போது படி. அண்ணனுக்குப் படித்துக் காட்டவேண்டாம். அவருக்குச் சொல்லவேண்டியது எப்படி என்று பிறகு யோசிப்போம்.

ரத்தத்தில் ஏ, பி, ஓ என்று வகை பார்ப்போம். உனக்கும் அண்ணனுக்கும் ஓ. அன்றைக்கு நான் பார்த்ததும் சொன்னதும் தப்பில்லை. ஆனால் சிவப்பணுவின் மேல் இன்னொரு பொருளும் இருக்கிறது. ஆர்.எச். என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் நூறு பேரில் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு அது இருக்கும். அண்ணனுக்கு இருக்கிறது. உனக்கு இல்லை. இல்லாதது வியாதியும் இல்லை, குறையும் இல்லை. சில பேருக்குக் கன்னத்தில் குழி விழாதே, அந்த மாதிரிதான்.

ஷகீலா பிறந்த வருஷம் இதையெல்லாம் பார்க்கிற மருந்து நம் ஆஸ்பத்திரியில் கிடையாது. கேள்விப்பட்டதும் கிடையாது. ஒரு பாட்டில் நிறைய, அந்தப் பொருள் உள்ள ரத்தம் உனக்குள் போயிற்று. உன் உடம்புக்கு அது அந்நியம். கிருமி வந்தால் அதை அழிக்கப் பிளாஸ்மாவில் ஒரு எதிர்ப்பொருள் உண்டாகும். இதற்கும் அப்படி உண்டாயிற்று. நூறு நாளில் போய்விடும், எதுவும் மிச்சமில்லை என்று எழுதினேன். அவர் அணு போய்விட்டது. அதை எதிர்க்க உன் ரத்தம் கற்றுக்கொண்டது போகவில்லை. நாலு வருஷம் கழித்தும் உன் குழாயில் இருந்தது. நானே இரண்டு தடவை செய்து பார்த்தேன், பிறகு டாக்டரம்மா செய்தார்.

அடுத்து வந்த பிள்ளைகளுக்கு அப்பாவின் வகை ரத்தம். உன் எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியாகப் போய் அவர்களுடைய சிவப்பணுவை உடைத்துவிட்டது. அப்படி உடைந்ததில்தான் அந்த மஞ்சள்.

முதல் பிரசவத்தாலேயே இது வந்திருக்கலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். வரலாம், ஆனால் இவ்வளவு வேகமாக இரண்டாவது பிள்ளையையே கொண்டுபோனதற்கு ரத்தம் ஏற்றியதுதான் காரணமாக இருக்கும் என்கிறார். சீரம் என்கிற சோதனை நீர் இன்னொன்றை வைத்துப் பார்த்ததில், அண்ணனுக்குப் பிறக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் வகையாகவே இருக்கும் போலிருக்கிறது. அமெரிக்காவில் பிறந்த குழந்தையின் ரத்தத்தையே வெளியேற்றி மாற்றுகிறார்களாம். இங்கே செய்தவர் யாரும் இல்லை. அதற்கும் குழந்தை உயிரோடு பிறக்க வேண்டும். உனக்கு இனி அது நடக்குமென்று என்னால் சொல்ல முடியாது. இன்னொன்று வேண்டாம், ஜமீலா.

அன்று அந்த ரத்தம் ஏற்றாவிட்டால் பத்து நிமிஷத்தில் நீ போயிருப்பாய். இதையும் மறந்துவிடாதே. வேறு யாருடைய ரத்தமாக இருந்தாலும் நூற்றுக்குத் தொண்ணூறு இதுவேதான் நடந்திருக்கும். நான் இதையெல்லாம் எனக்கே தினமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஸ்லைடைப் பார்த்துவிட்டுச் சேருகிறது, சேருகிறது என்று வராந்தாவில் ஓடி வந்தவள் நான். என் எட்டு வருஷ வேலையில் அவ்வளவு சந்தோஷமாக ஓடியது இல்லை.

மன்னித்துக்கொள் என்று எழுத வந்தது. எழுதினால், உன் மேல் தப்பில்லை என்று நீ பதில் எழுதவேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தை உனக்கு வைக்கவில்லை.

மேரி

---

பம்பாய்
20-12-1948

அன்புள்ள ஜமீலாவுக்கு,

ஐந்து வாரம் ஆகிறது. ஒரு வரி இல்லை. கடிதம் கிடைக்கவில்லையா, கிடைத்ததால்தான் இல்லையா என்று தெரியவில்லை.

பயிற்சி முடிந்துவிட்டது. ஜனவரி பதினைந்தாம் தேதி மெயிலில் புறப்படுகிறேன். சாந்தோமில் பெட்டியை வைத்துவிட்டு நேரே உன் வீட்டுக்கு வருகிறேன். அண்ணனிடம் நானே சொல்கிறேன். சேருகிறது என்று சொன்ன வாய்தான் இதையும் சொல்லவேண்டும். மாமியும் கூட இருக்கட்டும். உன் மேல் குற்றமில்லை என்று அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தனை வருஷம் நீ ஒருத்தியே சுமந்தது போதும்.

கோபமாக இருந்தாலும் ஒரு கார்டு போடு.

உன்,
மேரி

---

மயிலாப்பூர்
3-1-1949

என் மேரிக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். நவம்பர் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் உலை வைத்தேன். அரிசி போட மறந்துவிட்டேன். தண்ணீர் வற்றிப் பானை பிடித்துக்கொண்ட வாசனையில் மாமி வந்து எடுத்தார். பிறகு ஒரு வாரம் அதை ரவிக்கைக்குள் வைத்திருந்து பார்த்தேன். பிறகு எரித்துவிட்டேன். மனப்பாடமே ஆகிவிட்டது, இனி எதற்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவரிடம் சொன்னேன். என் ரத்தத்தில் ஒரு பொருள் இல்லை, அதனால் பிள்ளை தங்காது, இனி நமக்குப் பிள்ளை வேண்டாம் என்று மேரி எழுதியிருக்கிறாள் என்றேன். சகினாவைக் கட்டிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகைகூட வரவில்லை. அவ்வளவு களைத்திருந்தேன்.

இவர் குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னுடையதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்டார். உங்களுக்கு அந்தப் பொருள் இருக்கிறது, நல்ல ரத்தம் என்றேன். பொய் இல்லையே, மேரி. நல்ல ரத்தம்தான். குல்லாவை ஆணியில் மாட்டிவிட்டுக் கேட்டார்:

“ஒனக்கு இல்லாதது எனக்கு கீதுன்றியே. அப்ப இன்னும் ஒரு பாட்டில் குடுத்தா சரியாப் பூடுமா?”

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். உண்மை வெளியே வந்துவிடாமல் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, மேரிம்மாவுக்கு எழுதிக் கேளு, எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது என்கிறார். இனிமேல் கொடுத்தால் பிரயோஜனப்படாது என்று சொல்லி நிறுத்தினேன்.

சாயங்காலம் மாமியிடம் இவரே போய்ச் சொன்னார். சகினாவுக்கு வேறு இடம் பாருங்கள், பிள்ளைக்கு ஷகீலா இருக்கிறாள், என் ரத்தம் ஓடுகிற உடம்பை விட்டு நான் போகமாட்டேன் என்று. மாமி ரொம்ப நேரம் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் ஷகீலாவைக் கூப்பிட்டுத் தலை வாரிவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. போன வாரம் சகினாவுக்குப் பல்லாவரத்தில் நிச்சயம் ஆகிவிட்டது. பெட்டி இவர் கடையில்தான்.

ஆகவே நான் இந்த வீட்டில் இருக்கப்போகிறேன். இவரோடு இருக்கப்போகிறேன். எதனால் இருக்கிறேன் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். எந்தப் பாட்டில் என் பிள்ளைகளைக் கொண்டுபோயிற்றோ, அந்தப் பாட்டிலை நம்பித்தான் இவர் என்னை வைத்திருக்கிறார். அதை இவரிடம் போய்ச் சொல்ல என்னால் முடியாது. சொன்னால் இவர் என்னை விட்டுவிடுவார் என்று பயமா என்று கேட்டுப் பார்த்துக்கொண்டேன். பயம்தான். இல்லையென்று உன்னிடம் நடிக்கமாட்டேன். ஆனால் அது மட்டும் இல்லை. அந்த இரண்டு பிள்ளைகளையும் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு இந்த மனுஷர் கடையில் உட்கார்ந்து கல்யாணப் பெட்டிக்குப் பூ வரைவதை நான் பார்க்க வேண்டாம். கெட்டது என் ரத்தம் என்றே இருக்கட்டும். எனக்குப் பழகிவிட்டது.

இனி எழுதுவதுதான் கஷ்டம். நீ வராதே, மேரி.

உனக்கு மறைக்க வராது. ஆறாம் வகுப்பில் நாம் இருவரும் கணக்குப் பாடத்தை விட்டுவிட்டுச் சாந்தோம் கடற்கரைக்குப் போனோமே. சிஸ்டர் கேட்கக்கூட இல்லை. நீயாகப் போய்ச் சொன்னாய். இவர் உன்னைப் பார்த்ததும் முதலில் கேட்கப்போவது ரத்தத்தைப் பற்றித்தான். உன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நீ சொல்லவேண்டும் என்று நினைப்பது சரி. என்னிடம் சொல்லிவிட்டாய் அல்லவா, அதோடு உன் கடமை தீர்ந்தது. உனக்கு மனப்பாரம் இறங்கவேண்டும் என்பதற்காக இவர் தலையில் அதை ஏற்றாதே.

உன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பத்து நிமிஷ நடை. இவர் கேட்டுக்கொண்டேதான் இருப்பார். அடையாறில் ஏதோ ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள், வேலை அதிகம், வர முடியவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். பிறகு கேட்பது குறையும். வழியில் எதிர்ப்பட்டால் நீ அந்தப் பக்கம் திரும்பிவிடு. ஷகீலா கையைப் பிடித்துக்கொண்டு நான் நேரே போய்விடுவேன்.

அன்று நீ ஓடி வந்தபோது எனக்கு அரை நினைவு. உன் முகம் மட்டும் தெரிந்தது. செத்தால்கூடப் பரவாயில்லை, மேரி இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாளே என்று நினைத்தேன். இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

ஊருக்கு நல்லபடியாக வந்து சேர். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. இதற்குப் பதில் போடவேண்டாம். கவர் வந்தால் இவர் படிக்கச் சொல்வார், நான் இல்லாததையெல்லாம் படிக்கவேண்டியிருக்கும்.

என்றும் உன்,
ஜமீலா